ரெஜைனாவிலிருந்து மிச்சிகன் வரை: ஜூனியர் ஹொக்கியும் கல்லூரி ஹொக்கியும்

மெமோரியல் கிண்ணத்தை முதன்முதலாக வென்றது ஒரு பள்ளிக்கூடம். கனடாவின் இளையோர் ஹொக்கியில் அதைவிடப் பெரிய பரிசு இன்று இல்லை. ஆனால் 1919இல் அதை வென்றவர்கள், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கிய ‘யூனிவர்சிற்றி ஒஃப் ரொறன்ரோ ஸ்கூல்ஸ்’ என்ற உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள். முதலாம் உலகப் போரில் மாண்ட கனடியப் படைவீரர்களின் நினைவாக ஒன்ராறியோ ஹொக்கிச் சங்கம் அந்தக் கிண்ணத்தை வழங்கியிருந்தது. மேற்கிலிருந்து வந்த ரெஜைனா அணியை, இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 29க்கு 8 என்ற கோல் கணக்கில் அந்த மாணவர்கள் தோற்கடித்தார்கள்.

தோற்ற அணி ‘ரெஜைனா பற்ஸ்’ என்ற பெயரில் நூறாண்டு கடந்தும் ஆடிக்கொண்டிருக்கிறது. வென்ற பள்ளி இன்று படிப்புக்குப் பேர்போனது. மெமோரியல் கிண்ணத்தில் பள்ளிக்கூடங்களுக்கு இடமில்லாமல் போய் வெகுகாலமாகிவிட்டது. படிப்பும் ஹொக்கியும் ஒன்றாக இருந்த அந்தத் தொடக்கம் எப்படிக் கலைந்தது, ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்காத நிலைக்கு ஜூனியர் கழகங்களும் அமெரிக்கக் கல்லூரிகளும் எப்படி வந்தன, 2024இல் அந்தத் தடை எப்படி நீங்கியது என்பதையெல்லாம் நம்மவர்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் விடியும் முன்னே பிள்ளையின் பெரிய பையைக் காரில் ஏற்றிக்கொண்டு றிங்குக்குப் போகும் தமிழ்ப் பெற்றோர் இப்போது உண்டு. பிள்ளை கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்தால், பதினான்கு, பதினைந்து வயதில் அவர்கள் முன் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: மேஜர் ஜூனியரா, யூனிவர்சிற்றியா?

முன்பு அந்தக் கேள்வியே எழவில்லை. தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லின் கழகங்கள் ஜூனியர் அணிகளுக்குப் பணம் கொடுத்து ஆதரித்தன. பதிலுக்கு அந்த அணிகளில் ஆடும் பையன்கள்மேல் உரிமை பெற்றன. ‘சீ படிவம்’ என்றொரு தாளில் சிறுவனும் பெற்றோரும் கையெழுத்திட்டால், அவன் வருங்காலம் அந்த ஒரு கழகத்துக்கே உரியதாகிவிடும். பெரி சவுண்ட் என்ற சிற்றூரின் பொபி ஓர் 14 வயதில் பொஸ்டன் கழகத்துக்கு உரியவராகி ஒஷாவாவில் ஆடத் தொடங்கியது இப்படித்தான். 1963இல், கழகங்கள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதலாவது இளையோர் தெரிவு மொன்றியலில் நடந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளில் சீ படிவ முறை ஒழிந்தது. 1966இல் மேற்கு லீக்கும் 1969இல் கியூபெக் லீக்கும் பிறந்தன. இவை இரண்டும் ஒன்ராறியோ லீக்கும் 1975இல் ஒரே குடையின் கீழ் வந்தன. இன்று சீ.எச்.எல். என்று அழைக்கப்படும் மேஜர் ஜூனியர் அமைப்பு அதுதான். உலகில் என்.எச்.எல்.லுக்கு இத்தனை வீரர்களை அனுப்பிய வேறு இளையோர் லீக் கிடையாது.

எல்லைக்கு அப்பால் அமெரிக்கக் கல்லூரிகளின் கதை வேறு. 1948இல் கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகரின் புரோட்மூர் பனி அரங்கில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சீ.ஏ.ஏ. தன் முதலாவது ஹொக்கிச் சுற்றுப்போட்டியை நடத்தியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் டார்ட்மத்தை 8க்கு 4 என்று வென்றது. அமெரிக்கப் பட்டம்தான், ஆனால் அக்காலத்தில் அதற்காக மல்லுக்கட்டியவர்களில் பெரும்பகுதியினர் கனடியப் பையன்கள். ரெஜைனா பற்ஸ் அணியின் பயிற்றுநராக இருந்த மரே ஆம்ஸ்ட்ரோங் 1956இல் டென்வர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கனடியப் புல்வெளி மாநிலங்களின் பையன்களைத் தேடித் தேடிச் சேர்த்து ஐந்து தேசியப் பட்டங்களை வென்றார். ஒரு ஜூனியர் கழகத்தின் பயிற்றுநர் கல்லூரிக்குப் போவதும், அவர் பின்னே வீரர்கள் போவதும் அன்று யாருக்கும் குற்றமாகப் படவில்லை.

அதே ரெஜைனா பற்ஸ் அணியில் ஆடிய ரெட் பெரன்சனை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் மிச்சிகனில் படிக்கப் போனபோது, பல்கலைக்கழகம் போனவனுக்குத் தொழில்முறை ஹொக்கி இனி இல்லை என்றே பலரும் நம்பினார்கள். பெரன்சன் 1962 மார்ச்சில் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை முடித்த கையோடு மொன்றியல் கனேடியன்ஸ் சீருடையில் என்.எச்.எல். ஆட்டத்தில் இறங்கினார். கல்லூரியிலிருந்து நேராக என்.எச்.எல்.லுக்குப் போன முதல் வீரர் அவரே. 1968 நவம்பரில் சென் லூயிஸ் அணிக்காக பிலடெல்பியாவில் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல்கள் அடித்தார். பிறகு மிச்சிகனுக்கே பயிற்றுநராகத் திரும்பி, 1984 முதல் 2017 வரை இருந்து, இரண்டு தேசியப் பட்டங்களைத் தேடிக்கொடுத்தார். ஜூனியர் கழகத்தில் ஆடியதற்காக அவரைக் கல்லூரி அன்று திருப்பியனுப்பியிருந்தால், கல்லூரி ஹொக்கிக்கே அது எவ்வளவு பெரிய இழப்பாயிருக்கும்!

கென் டிறைடன் இன்னொருவர். 1964 தெரிவில் 14ஆவது ஆளாகப் பெயர் வந்தும், அவர் கோர்னல் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போனார். அவர் கோல் காத்த கோர்னல் 1967இல் தேசியப் பட்டம் வென்றது. 1971இல் மொன்றியலுக்காக வெறும் ஆறு வழமையான ஆட்டங்கள் ஆடிய நிலையில் பிளேஓவ் சுற்றுக்குள் நிறுத்தப்பட்டு, ஸ்ரான்லி கிண்ணத்தையும் அந்தச் சுற்றின் மிகச்சிறந்த வீரருக்கான விருதையும் பெற்றார். சிறந்த புதுமுகத்துக்கான விருது அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. புகழின் உச்சியில், 1973–74 பருவம் முழுவதும் ஆடாமல் ரொறன்ரோவில் சட்டத்தரணிப் பயிற்சி செய்தார். ஆறு ஸ்ரான்லி கிண்ணங்கள், பின்னாளில் மத்திய அமைச்சர் பதவி. 2025 செப்டெம்பரில் அவர் காலமானபோது கனடா முழுவதும் துக்கப்பட்டது. படிப்பா விளையாட்டா என்று பிள்ளையிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

இனி, தடை வந்த கதை. கனடிய ஜூனியர் அணிகள் வீட்டைவிட்டு வந்த பையன்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்தன. என்.சீ.ஏ.ஏ. அதைக் கூலி என்று பார்த்தது. ஆனால் அமெரிக்கத் தனியார் விடுதிப் பள்ளிகளும் தம் ஹொக்கி மாணவர்களுக்கு உதவித்தொகையாகத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்தன; அது மட்டும் குற்றமில்லை. 1973இல் பொஸ்டன் பல்கலைக்கழகத்தின் கனடிய மாணவர்கள் இருவர் வழக்குத் தொடர்ந்தபோது, மாசசூசெற்ஸ் மத்திய நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டைக் கண்டித்து அவர்கள் பக்கம் தடையுத்தரவு பிறப்பித்தது. அந்த வெற்றி நிலைக்கவில்லை. மேஜர் ஜூனியர் அணிகளில் என்.எச்.எல். ஒப்பந்தம் பெற்றவர்களும் ஆடுகிறார்கள், ஆகவே அந்த லீக்கே தொழில்முறை லீக் என்ற வாதத்தின் மேல் ஒரு தடை எழுந்தது. சீ.எச்.எல். பயிற்சி முகாமில் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தாலோ, ஒரு காட்சி ஆட்டத்தில் பனித்தளத்தில் கால் வைத்தாலோ கல்லூரி வாசல் மூடப்பட்டது. இத்தனைக்கும் அந்த ‘தொழில்முறை’ வீரனுக்குக் கிடைத்த படி மாதம் 600 டொலருக்கு மேல் இல்லை.

மறுபக்கப் பயணத்துக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. மிச்சிகன் ஸ்ரேற் பல்கலைக்கழகத்தில் இருந்த டங்கன் கீத் பருவத்தின் நடுவிலே கெலோனா ரொக்கெற்ஸ் அணிக்குப் போய், பின்னர் என்.எச்.எல். நட்சத்திரமானார். கல்லூரியிலிருந்து ஜூனியருக்குப் போக முடிந்தது, ஜூனியரிலிருந்து கல்லூரிக்கு வர முடியவில்லை. பதினாறு வயதுப் பையனின் ஒரு கையெழுத்து அவன் இருபது வயதில் என்ன படிக்கலாம் என்பதைத் தீர்மானித்தது. இதை நியாயம் என்று சொல்ல என் மனம் ஒருநாளும் ஒப்பவில்லை.

இரண்டு பாதைகளின் அன்றாடமும் வெவ்வேறு. மேஜர் ஜூனியர் அணி ஒரு பருவத்தில் ஏறத்தாழ 68 ஆட்டங்கள் ஆடும். காலையில் ஊர்ப் பள்ளிக்கூடம், மத்தியானம் பயிற்சி, பிறகு பஸ். மனிற்றோபாவின் பிராண்டன் நகரமும் அமெரிக்கப் பசுபிக் கரையோர மாநிலம் ஒன்றில் இருக்கும் போர்ட்லண்டும் ஒரே மேற்கு லீக்கில் இருக்கின்றன. இரவில் பஸ்ஸிலேயே தூங்கி எழும் பையன்கள் அவர்கள். பதினாறு வயதில் வீட்டைவிட்டு, ‘பில்லெற்’ என்று சொல்லப்படும், இடம்கொடுக்கும் குடும்பத்தோடு தங்குவார்கள். அந்தக் குடும்பங்களில் பல, வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் அன்பைக் கொடுத்திருக்கின்றன. கல்லூரியிலோ வழமையான பருவத்துக்கு ஏறத்தாழ 34 ஆட்டங்கள்தான். பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் ஆட்டம். மற்ற நாட்கள் வகுப்புக்கும் உடற்பயிற்சிக்கும். எதிரே நிற்பவன் 22, 23 வயது ஆளாக இருப்பான். உடம்பு மெதுவாகத் தேறும் பையனுக்கு இது பெரிய வரம். மார்ட்டின் சென் லூயிஸைக் குள்ளன் என்று எந்த என்.எச்.எல். கழகமும் தெரிவு செய்யவில்லை. வேர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடிய அவர், 2004இல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதையும் ஸ்ரான்லி கிண்ணத்தையும் ஒருசேரப் பெற்றார்.

ஜூனியர் வரலாற்றின் கறுப்புப் பக்கங்களை மறைக்கக் கூடாது. 1986 டிசம்பர் 30 அன்று சுவிவ்ற் கரன்ற் அணியின் பஸ் பனிப்பாதையில் விபத்துக்குள்ளாகி நான்கு வீரர்கள் இறந்தார்கள். அதே அணியின் பயிற்றுநர் தன் வீரர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதற்காக 1997இல் சிறைக்குப் போனார். பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான ஷெல்டன் கென்னடி வெளிப்படையாகப் பேசிய பின்னரே நாடு விழித்தது. பயிற்றுநர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சிகள் பரவலானது அவருடைய உழைப்பால். பிள்ளையை வேற்றூருக்கு அனுப்பும் தாய் தகப்பன், அணியின் வெற்றிப் பட்டியலைக் கேட்கும் முன் பிள்ளையின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டும்.

ஜூனியர் பக்கத்துக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுப் பல்கலைக்கழகப் படிப்புக்கான புலமைப்பரிசிலை மேற்கு லீக் 1990களிலிருந்து வழங்கி வருகிறது. மற்ற இரு லீக்குகளிலும் அதுபோன்ற ஏற்பாடுகள் இருக்கின்றன. கனடியப் பல்கலைக்கழக அணிகள் பலவும் முன்னாள் ஜூனியர் வீரர்களால் நிறைந்தவை. அவர்கள் ஆசிரியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் வாழ்கிறார்கள். பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் இந்தப் பரிசில் பாதிக்கப்படக்கூடும், குறித்த காலத்துக்குள் படிக்கவும் தொடங்க வேண்டும். அமெரிக்கப் பக்கத்திலும் எல்லாம் இலவசமில்லை. கோர்னல், ஹார்வர்ட் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காகப் புலமைப்பரிசில் கொடுப்பதே இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன.

2024 ஓகஸ்ட் மாதம் பஃபலோ நகரின் மத்திய நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் பதிவானது. வழக்குத் தொடுத்த இளைஞர் 16 வயதில் விண்சர் அணிக்காக இரண்டே இரண்டு காட்சி ஆட்டங்கள் ஆடி, கல்லூரி வாய்ப்பை இழந்தவர். அடுத்த மாதமே ஒரு ஜூனியர் வீரர் அரிசோனா ஸ்ரேற் பல்கலைக்கழகத்தில் சேரப்போவதாக அறிவித்தார். அவர் எந்த அணிக்காரர் என்றால், அதே ரெஜைனா பற்ஸ். நவம்பர் 7 அன்று என்.சீ.ஏ.ஏ. தடையை நீக்க வாக்களித்தது. 2025 ஓகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. யூக்கொன் பிரதேசத்தின் வைற்ஹோர்ஸைச் சேர்ந்த காவின் மக்கென்னா, 2025இல் மெடிசின் ஹற் அணியோடு மெமோரியல் கிண்ண இறுதியாட்டம் வரை போய், லண்டன் நைற்ஸிடம் தோற்று, சில வாரங்களில் பென் ஸ்ரேற் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தார்.

இதன் விலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். முதல்தர ஆண்கள் கல்லூரி அணிகள் அறுபதுக்குச் சற்று மேல்தான். அங்கே தேறிய ஜூனியர் வீரர் ஒருவர் வந்தால் வேறொரு பையன் வெளியே நிற்பான். மேஜர் ஜூனியருக்கு அடுத்த படியில் இருந்து இதுவரை கல்லூரிக்கு ஆள் அனுப்பிய கனடாவின் ஜூனியர் ஏ லீக்குகளே அதிகம் நோகின்றன. இத்தனையும் தெரிந்தே, தடை நீங்கியது சரி என்பேன். பிள்ளைகளுக்குத் திரும்பிப் பார்க்கவும் மனம் மாறவும் இடமிருக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இந்தத் திண்டாட்டமே இருந்ததில்லை. அவர்களுக்கு மேஜர் ஜூனியர் என்று ஒன்று இல்லை. கனடிய அணியின் தலைவி மரி-பிலிப் பூலான் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2024 ஜனவரியில் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள். நம் வீட்டு மகள்மார் றிங்குக்குப் போவதைத் தயங்கிப் பார்க்கும் உறவினருக்கு இதைச் சொல்லுங்கள்.

தெற்காசியப் பிள்ளைகள் இரண்டு வழிகளாலும் போயிருக்கிறார்கள். 1989இல் என்.எச்.எல். கண்ட முதல் இந்திய வம்சாவளி வீரர் ரொபின் பாவா, கம்லூப்ஸ் ஜூனியர் அணியில் வளர்ந்தவர். மனி மல்கோத்ரா குவெல்ஃப் அணியிலிருந்து வந்தவர். ஜுஜார் கைரா மிச்சிகன் ரெக் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டு எவரெற் ஜூனியர் அணிக்கு மாறியவர். அர்ஷ்தீப் பெயின்ஸ் 2021–22இல் மேற்கு லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்.

கடைசியாகப் பெற்றோருக்கு. ஜூனியர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கல்விக்கான ஏற்பாட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; எத்தனை ஆண்டு, எந்தச் செலவுகள், எப்போது காலாவதி என்பதை வாசியுங்கள். வாசல் இப்போது திறந்திருக்கிறது, ஆனால் மதிப்பெண் இல்லாதவர்களுக்கு அல்ல. அமெரிக்க முதல்தரக் கல்லூரி அணியில் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். அவை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எண்ணப்படுகின்றன. உங்கள் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பில் இருந்தால், பாடத் தெரிவுப் படிவம் வீட்டுக்கு வரும் முன்பே பள்ளி ஆலோசகரைப் போய்ச் சந்தியுங்கள்.