கார்லோட்டாவின் பெயரில் போன படை

அங்கோலா யுத்தம் என்றதும் நம்மவர்கள் இரண்டே பெயரைத்தான் சொல்வார்கள்: மாஸ்கோ, வாஷிங்டன். செத்த கறுப்பர்களெல்லாம் சதுரங்கக் காய்கள். எனக்கு இந்தக் கதையாடலில் பழகிய வாடை ஒன்று அடிக்கிறது. சேரியில் நாலு பேர் நிமிர்ந்து நின்றால், 'எவனோ தூண்டி விட்டிருக்கான்' என்று ஊர் சொல்லுமே, அதே வாடை.

போர்ச்சுகல் 1975 நவம்பர் 11 அன்று அங்கோலாவை விட்டுப் போனது. ஆட்சியை எந்த இயக்கத்தின் கையிலும் கொடுக்கவில்லை. எம்.பி.எல்.ஏ., எஃப்.என்.எல்.ஏ., யூனிட்டா மூன்றும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்தன. பின்னிரண்டுக்கும் சி.ஐ.ஏ. ரகசியமாக உதவ ஜூலையிலேயே ஃபோர்டு ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. அக்டோபரில் நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் படை தெற்கிலிருந்து லுவாண்டாவை நோக்கிக் கிளம்பியது. வடக்கிலிருந்து ஜயர் படை. எம்.பி.எல்.ஏ. கியூபாவைக் கூப்பிட்டது.

நவம்பர் தொடக்கத்தில் கியூபா முடிவெடுத்தது. அந்தப் படை நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் கார்லோட்டா. 1843இல் மட்டான்சாஸில் ஒரு சர்க்கரை ஆலையில் கலகத்தை முன்னின்று நடத்திக் கொல்லப்பட்ட அடிமைப் பெண் அவள். புயல், இடி, வாள் என்றே பெயர் வைத்துப் பழகிய ராணுவ உலகத்தில் ஒரு அடிமைப் பெண்ணின் பெயர்! அட்லாண்டிக்கில் சங்கிலியோடு கொண்டு போகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பலர், அதே கடலைத் துப்பாக்கியோடு திரும்பக் கடந்தார்கள். மாஸ்கோ சொல்லித்தான் போனார்கள் என்று வாஷிங்டன் அப்போது அடித்துப் பேசியது. 1999இல் வந்த தன் நினைவுக்குறிப்பில் கிஸ்ஸிஞ்சரே அது அப்படியில்லை என்கிறார்.

வியட்நாம் சூடு ஆறாத அமெரிக்க செனட் 1975 டிசம்பரில் பணத்தை நிறுத்தியது. 1976 மார்ச்சில் தென்னாப்பிரிக்கப் படை வெளியேறியது.

இதை வீரகாதையாக மட்டும் படிக்க எனக்கு மனசு வரவில்லை. 1977 மே 27 அன்று நீத்தோ ஆல்வஸ் அணி லுவாண்டாவில் எழுந்தபோது, கியூபப் படை அதிபர் நெத்தோவின் பக்கம் நின்று அதை அடக்கியது. அதன்பின் அங்கோலா அரசு நடத்திய வேட்டையில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அரசு வாய் திறந்து மன்னிப்புக் கேட்க 2021 ஆயிற்று. கபிண்டாவிலோ அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் கிணறுகளுக்குக் கியூபச் சிப்பாய்கள் காவல். அந்த எண்ணெய்ப் பணத்தில்தான் அமெரிக்க ஆதரவு யூனிட்டாவோடு சண்டை. எந்தக் கோட்பாட்டுப் பெட்டியில் இதைப் போட்டுப் பூட்டுவது?

குய்டோ குவானவாலே சண்டைக்குப் பிறகு, 1988 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் ஒப்பந்தம். கையெழுத்திட்டவை அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா. அதனால்தான் 1990 மார்ச்சில் நமீபியா விடுதலையானது என்பது உண்மை. ஆனால் அந்த மண்ணுக்காகச் சண்டை போட்ட ஸ்வாபோவுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. 1989 ஏப்ரலில் எல்லை தாண்டி வந்த அதன் போராளிகள் முந்நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். முகாமுக்குள் இருந்த தென்னாப்பிரிக்கப் படையை அவர்கள்மேல் அவிழ்த்துவிடச் சம்மதம் கொடுத்தவர் ஐ.நா.வின் பிரதிநிதி.