தேய்ந்த கட்டை

1954இல் ஜாம்ஷெட்பூரில் தயாராகத் தொடங்கிய டாடா மெர்சிடிஸ் வரிசையில் ஒரு கிழட்டு லாரி. நாமக்கல் பட்டறையில் மாமாவும் நானும் அதன் பிரேக் டிரம்மைக் கழற்றினோம். ரிவெட் தலை தெரியுமளவு லைனர் தேய்ந்திருந்தது. மாமா தூசியை ஊதக் குனிந்தார்.

"ஊதாதீங்க மாமா, ஆஸ்பெஸ்டாஸ்."

1888இல் பெர்த்தா பென்ஸ் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு வண்டி ஓட்டிப்போனபோது மரப் பிரேக் கட்டை தேய்ந்துபோனது. வழியில் செருப்புத் தைப்பவரிடம் அதன்மேல் தோல் அடித்து வாங்கினார். லைனரின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. தோல் சூட்டில் கருகும்; ஆஸ்பெஸ்டாஸ் கருகாது. அதனால்தான் டிரம்முக்குள் வந்தது, தூசியாகி நுரையீரலுக்குள்ளும் போனது. பிரிட்டன் 1999இல் தடைசெய்தது.

மாமா ஈரத்துணியை எடுத்தார். "முப்பது வருஷமா ஊதிட்டுத்தானடா இருக்கேன்."

அதற்குமேல் நான் சரித்திரம் பேசவில்லை.