இரண்டு நூல் ஓரம்

துணித் துண்டுகள் இரண்டை முகத்தோடு முகம் வைத்துத் தைத்து விரிக்கும்போது உட்புறம் மறைந்துவிடும் விளிம்புக்குத் தையல் ஓரம் என்று பெயர். தையற்கடைப் பேச்சில் 'தையலுக்கு விட்டது'. ரவிக்கைக்கு இதைத் தாராளமாக விடுவார்கள். உடம்பு பெருத்தால் பிரித்துவிடத் துணி வேண்டும். துணித்துண்டுகளை மூட்டிச் செய்யும் ஒட்டுப்போர்வைக்குக் கால் அங்குலம்தான். தச்சரும் கொத்தனாரும் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பவர்கள், அந்தக் கணக்கில் இது இரண்டு நூல்.

சட்டையில் அரை நூல் பிசகினால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். போர்வை பொறுக்காது. எட்டுச் சதுரங்களை வரிசையாக மூட்டினால் ஏழு மூட்டுகள் விழும். ஒவ்வொன்றிலும் ஓரம் அரை நூல் கூடினால் இரு துண்டிலுமாக ஒரு நூல் குறையும்; வரிசை முழுவதும் ஏழு நூல். அடுத்த வரிசையை அதே கை அரை நூல் குறைவாகத் தைத்திருந்தால் அது ஏழு நூல் நீளும். இரண்டுக்கும் இடையே ஒன்றே முக்கால் அங்குல வித்தியாசம். மூலைகள் சந்திக்காது. இழுத்துப் பிடித்துத் தைத்தால் நடுவில் உப்பும். தொடங்குகிறவர்கள் பலரும் முதல் போர்வையைப் பாதியில் கட்டி அலமாரியில் வைத்துவிடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான், கைவராமை அல்ல.

கந்தையைச் சேர்த்துப் போர்வையாக்கும் வழக்கம் நம் நாட்டில் பழையது. வங்காளத்துக் 'காந்தா'வும் தமிழின் 'கந்தை'யும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. அங்கே அது கலைப்பொருளின் பெயராயிற்று; இங்கே கிழிசலோடு நின்றுவிட்டது. தையல் தொழில் மட்டும் நம்மிடம் குறைந்ததில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரின் கைவினைஞரை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரைச் சொல்கிறது. தஞ்சை வட்டாரத்தில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகளில் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் வேலை இன்றும் நடக்கிறது. ஆனால் அங்கே ஒரு துணியின் மேல் இன்னொன்று உட்காருகிறது. விளிம்பும் விளிம்பும் மோதுவதில்லை. காந்தாவிலும் அப்படித்தான்: பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டால் போதும். இரண்டு நூல் கணக்கு இந்த மரபுகளுக்குத் தேவைப்படவே இல்லை.

தேவைப்பட்டது கடல் கடந்து போன துணிக்கு. சோழ மண்டலம் என்ற பெயரே ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆயிற்று என்பர். மசூலிப்பட்டினம், பழவேற்காடு போன்ற அந்தக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பூ வரைந்த பருத்தித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றன. உள்ளூர் நெசவு அடிபடும் என்று பிரான்ஸ் 1686இல் அவற்றுக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. கிடைப்பது அரிதான துணியை யார் வீணாக்குவார்? துண்டு துணுக்கைக்கூடச் சேர்த்து வைத்தார்கள். வட இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் 1708ஆம் ஆண்டளவில் தைத்ததாகக் கருதப்படும் ஒட்டுப்போர்வை இருக்கிறது. அந்நாட்டில் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அதன் துணி இந்தியாவிலிருந்து போனது.

துண்டுகளை இடைவெளியில்லாமல் இணைக்க அக்காலப் பெண்கள் காகிதத்தை நம்பினார்கள். வேண்டிய வடிவத்தில் காகிதம் வெட்டி, துணியை அதன்மேல் மடித்து நூலோட்டி, மடிப்பு விளிம்புகளைச் சுற்றுத் தையலால் சேர்ப்பது. 1718 என்ற ஆண்டு தைக்கப்பட்ட பட்டுப் போர்வை ஒன்றில் அந்தக் காகிதங்கள் இன்றும் உள்ளேயே கிடக்கின்றன. அளவு தவறாமல் பார்த்துக்கொண்டது காகிதத்தின் வேலை. கைக்குப் பொறுமை மட்டும் போதும்.

தைக்கும் வேலையைப் பிறகு எந்திரம் எடுத்துக்கொண்டது. மேல்நூலும் பாபின் நூலும் பின்னிக்கொள்ளும் பூட்டுத் தையலுக்கு எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851இல் தம்முடைய எந்திரத்துக்குப் பெற்றார். எந்திரங்களைக் கடிந்த காந்தியடிகள் தையல் எந்திரத்துக்கு விலக்கு அளித்தார். 1924இல், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமம் தொடங்கிய ஜி. ராமச்சந்திரன் கேட்ட கேள்விக்குப் பதிலாக, மனைவி படும் சிரமத்தைக் கண்டு இரங்கியே சிங்கர் அதை உருவாக்கினார் என்றார். அழகான கதை. சிங்கர் பாஸ்டன் பட்டறையில் பணத்துக்காகவே அதில் இறங்கினார் என்பது வரலாறு. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சக்கரக் கத்தியைக் கொண்டுவந்த பிறகு அளவுகோலை ஒட்டிப் பல மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் பட்டையாக வெட்ட முடிந்தது. வெட்டு நேரானபின், தவறு எங்கே என்று கேட்டால் தையலைக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

துணி கப்பலேறிய கரையின் பெயரில் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலும் ஒரு கோரமண்டல் உண்டு. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் கிளைப்பாதையில் அது ஒரு ரயில் நிலையம். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர் என்பதால் மார்கழியில் போர்வை தேவைப்படும். வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தமிழரோடு தெலுங்கரும் கன்னடரும் உருது பேசுவோரும் கலந்து வாழும் வட்டாரம். துணித்துண்டுப் போர்வைக்குக் கன்னடத்தில் கௌதி, தெலுங்கில் பொந்த. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதற்குப்பின் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புவதே பல குடும்பங்களின் பிழைப்பு. அவர்களில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களும் உண்டு. அங்கே ஒருவர் நாள் முழுக்க ஒரே மூட்டைத் தைப்பார். ஓரம் பிசகினால் உருப்படி திரும்பி வரும். இரண்டு நூலைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதே கர்நாடகத்தின் மறுகோடியில், வட கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் சித்தி இனப் பெண்களின் கவந்திப் போர்வை நேர் எதிரான வழியில் போகிறது. பழைய சேலையைக் கீழே விரித்து, வெளி விளிம்பில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை விரலால் மடித்தபடி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். அளவுகோல் கிடையாது. ஒரு துண்டு கோணலானால் அடுத்த துண்டு அதைச் சரிக்கட்டும். நான்கு மூலையிலும் பூ வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. துல்லியம் தேவைப்படாத தையலைத் தரம் குறைந்ததென்று நினைப்பவர்கள் ஒரு கவந்தியைத் துவைத்துப் பார்க்கலாம். எந்திரத்தில் மூட்டிய போர்வையின் மூட்டு விடும் இடத்தில் அது விடாது.

கட்டம் போட்ட ஒட்டுப்போர்வைதான் வேண்டும் என்பவருக்கு நம் ஊர்த் தையல் வகுப்பின் முதல் நாள் பாடமே நல்ல தொடக்கம்: நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின்மேலேயே தைப்பது. காலால் மிதிக்கும் எந்திரத்தில் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் நூல் அறும் என்பதால் முதலில் வசப்பட வேண்டியது கால். பிறகு கண்ணை ஊசியிலிருந்து எடுக்கப் பழக வேண்டும். ஏறி இறங்கும் ஊசியைப் பார்த்துக்கொண்டே தைத்தால் கோடு வளையும். துணியின் விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பு எதை ஒட்டிப் போவது? கட்டத்தாளில் கால் அங்குலக் கோட்டின்மேல் ஊசியை இறக்கி, தாளின் விளிம்பை ஒட்டி ஊசித்தட்டில் டேப் நாடாவை நான்கைந்து அடுக்காக ஒட்டினால் சிறு சுவர் கிடைக்கும். துணி அந்தச் சுவரை உரசிக்கொண்டு போகட்டும். கீழே இருக்கும் பல் தானே இழுத்துக்கொள்ளும். பின்னாலிருந்து கையால் இழுத்தால் ஊசி வளையும், தையலும் வளையும்.

மூட்டை மடித்துத் தேய்க்கும்போது மடிப்பிலேயே ஓர் இழை துணி போய்விடுகிறது. ஆகவே ஓரம் சரியாக இரண்டு நூல் அல்ல, அதில் ஓர் இழை குறைவு. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். இழுத்துத் தேய்த்தால் உரேப்பாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய துண்டு நீண்டுவிடும். பனியன் வேஸ்ட் இலவசமாகக் கிடைத்தாலும் பழகுவதற்கு ஆகாது. இழுபடும் துணியில் எந்த அளவும் நிற்காது. பருத்திப் பிட்டுத் துணியே ஏற்றது, அதுவும் ஒருமுறை நனைத்துக் கஞ்சி போட்டது.

கை தேறியதா என்று அறிய ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி மூட்டி, தேய்த்து, நடுப்பட்டையை அளக்கவும். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் போர்வையைத் தொடங்கலாம். குறைந்தால் டேப் சுவரை ஊசிப் பக்கம் ஓர் இழை தள்ளி, கூடினால் ஓர் இழை விலக்கி ஒட்டிவிட்டு, இன்னும் மூன்று பட்டை வெட்டவும்.