எலும்பு எப்போது அசலானது? - கிதாரின் சேணம், தந்தம், பிளாஸ்டிக் குறித்துச் சில குறிப்புகள்

கிதார் பழகுகிற ஒருவர் கருவி வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் தவறாமல் கேட்க நேர்கிற அறிவுரை ஒன்று உண்டு: ‘அந்தப் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டு எலும்பு மாத்துங்க, அப்புறம் பாருங்க சத்தத்தை.’ கடைக்காரர் சொல்வார், கூட வாசிக்கிறவர் சொல்வார், கிதார்ப் பத்திரிகைகளும் சொல்லும். பிளாஸ்டிக் என்றால் மலிவு, செயற்கை, மந்தம். எலும்பு என்றால் இயற்கை, மரபு, தெளிவு. இந்த எதிர்மை அவ்வளவு இயல்பானதாகத் தோற்றம் கொண்டுவிட்டதால், இதற்கு ஒரு வரலாறு இருக்கக்கூடும் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. எலும்பு எப்போதுமே கிதாரின் ‘அசல்’ பொருளாக இருந்ததா? இல்லையென்றால் அந்த இடத்துக்கு அதைக் கொண்டுவந்து உட்காரவைத்தது எது?

எந்தத் துண்டுகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்பதை நாம் குதிரை என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களும் அதைக் குட்டிக்குதிரை என்றே சொல்கிறார்கள். கிதாரின் குதிரை, மேற்பலகையில் ஒட்டப்பட்ட ஒரு மரத்துண்டு. அதன் முதுகில் வெட்டிய காடியில் செருகி நிற்கும் மெல்லிய பட்டைக்கு ஆங்கிலத்தில் சேடில், அதாவது சேணம், என்று பெயர். கழுத்தின் மறுகோடியில், சுருதி முறுக்கிகளுக்குக் கீழே, கம்பிகள் பள்ளம் பள்ளமாக உட்கார்ந்து போகிற துண்டு நட். (ஜெர்மானியர்கள் நட்டைத்தான் சேணம் என்கிறார்கள், அது கிடக்கட்டும்.) இவை தவிரக் கம்பிகளின் முனைகளைக் குதிரைக்குள் இறுக்கிப் பிடிக்கிற ஆறு முளைகள். சேணம் இரண்டரை அல்லது மூன்று மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். ஆனால் ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டு நிற்க, அவற்றின் அதிர்வு மரத்துக்குள் இறங்குகிற வாசல் அந்தப் பட்டைதான். ஆகவே அது எதனால் ஆனது என்ற கேள்வி வெற்றுக் கேள்வி அல்ல. மென்மையான பிளாஸ்டிக்கில் கம்பி சீக்கிரமே தடம் பதித்துவிடும். அதிர்வின் மேல் சுரங்களைக் கொஞ்சம் விழுங்கிவிடும். மலிவுக் கிதார்களில் வருகிற வார்ப்பு நட்டுகள் பல உள்ளே வெறும் கூடு. இதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் ‘எலும்புக்குத் திரும்புதல்’ என்று பேசுகிறபோது எங்கே திரும்புகிறோம் என்று பார்க்க வேண்டும்.

பழைய கிதார் உடல் முழுக்கவுமே விலங்குதான். கம்பி ஆட்டுக்குடல், பசை தோலையும் எலும்பையும் காய்ச்சியது, அலங்காரம் ஆமையோடு. 17-ஆம் நூற்றாண்டுப் பாரிசில் வோபோவாம் குடும்பத்தார் பிரபுக்களுக்குச் செய்துகொடுத்த கிதார்களில் தந்தமும் கருங்காலியும் ஆமையோடும் இழைத்துப் பதித்திருந்தன. இந்த வரிசையில் எலும்பும் உண்டு, ஆனால் தந்தத்துக்கு வழியில்லாத இடத்தில். ஐரோப்பியக் கைவினை உலகில் எலும்பு என்பது ஏழையின் தந்தம். சீப்பு, கத்திப்பிடி, டோமினோ காய், சிலுவை எல்லாவற்றுக்கும் இரண்டு வடிவங்கள் இருந்தன: வசதி உள்ளவனுக்குத் தந்தம், இல்லாதவனுக்கு எலும்பு. நெப்போலியப் போர்களில் பிடிபட்டு இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமில் 1797 முதல் 1814 வரை அடைபட்டுக் கிடந்த பிரெஞ்சுக் கைதிகள், தங்களுக்கு அளந்து போட்ட இறைச்சியின் எலும்புகளைச் சீவிக் கப்பல்களும் விளையாட்டுக் காய்களும் செய்து சுற்றுவட்டாரத்தாருக்கு விற்றார்கள். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். நுணுக்கம் எல்லாம் தந்தச் சிற்பியின் நுணுக்கம். பொருள் மட்டும் சோற்றுத்தட்டில் மிஞ்சியது.

கவனிக்க வேண்டியது இதுதான்: அன்று எலும்பு அசல் அல்ல, போலி. தந்தத்தின் போலி.

எஃகுக் கம்பிக் கிதாரின் வரலாறு என்றால் மார்ட்டின் நிறுவனத்தைத் தொடாமல் போக முடியாது. சாக்சனியின் மார்க்னொய்கிர்ஷன் ஊரில் 1796-இல் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் தச்சர் குடும்பத்துப் பிள்ளை. அங்கே வயலின் செய்வோர் சங்கம், கிதார் செய்வது தங்கள் உரிமை, மரச்சாமான் செய்கிற தச்சர்கள் அதில் கைவைக்கக் கூடாது என்று வழக்காடியது. நாங்கள் கலைஞர்கள், அவர்கள் வெறும் கைவேலைக்காரர்கள் என்பது அவர்களின் வாதம். (நமக்கு இந்த வாதம் புதுசா என்ன?) வழக்கில் தச்சர்களின் உரிமை காப்பாற்றப்பட்டது என்றாலும் மார்ட்டின் 1833-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார், சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரெத்துக்கு இடம்பெயர்ந்தார். அங்கே உருவான கிதார்களிலும் பொருள்களின் படிநிலை அப்படியே இருந்தது. எளிய வகைகளுக்குக் கருங்காலி நட், உயர்ந்த வகைகளுக்குத் தந்தம். மிக விலையுயர்ந்தவற்றின் விளிம்பு முழுக்கத் தந்தம் ஓடும்.

அந்தத் தந்தம் எங்கிருந்து வந்தது என்பதைச் சங்கீத வரலாறுகள் சாதாரணமாகப் பேசுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவுக்குள் வந்த தந்தத்தின் பெரும்பகுதி, கனெக்டிகட் மாநிலத்தின் டீப் ரிவர், ஐவரிட்டன் என்ற இரண்டு சிற்றூர்களின் ஆலைகளில்தான் பியானோக் கட்டைகளாகவும் சீப்புகளாகவும் அறுபட்டது. ஐவரிட்டன் என்ற பெயரே தந்தத்தால் வந்ததுதான். அந்த ஆலைகளுக்கான தந்தம் சான்சிபார் துறைமுகத்தில் கப்பலேறியது. கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து கடற்கரை வரை நூற்றுக்கணக்கான மைல்கள் மனிதர்களின் தோளில் வந்தது. சுமந்தவர்களில் கூலிக்காரர்களும் உண்டு, பிடித்து விற்கப்பட்ட அடிமைகளும் உண்டு. நியூ இங்கிலாந்தின் வரவேற்பறையில் ஒரு பெண் பியானோவில் விரல் வைக்கும்போது அந்த நடை அவளுக்குக் கேட்டிருக்க நியாயமில்லை. கிதாரில் போனது இதில் ஒரு சிறு துணுக்கு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் ‘நல்ல நாதம்’ என்ற சொல்லாடலுக்குள் தந்தம் இயல்பாக உட்கார்ந்திருந்ததற்குப் பின்னால் இந்த வழித்தடம் இருந்தது.

யானை குறையக் குறையத் தந்தத்தின் விலை ஏறியது. 1863-இல் நியூயார்க்கின் பில்லியர்ட்ஸ் நிறுவனம் ஒன்று, தந்தப் பந்துக்கு மாற்றுக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு அறிவித்தது. அந்தத் தேடலில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹயாட் 1870-இல் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஆக, பிளாஸ்டிக்கின் பிறப்புச் சான்றிதழிலேயே தந்தத்தின் பெயர் இருக்கிறது. மார்ட்டின் நிறுவனம் 1918-இல் விளிம்புகளில் தந்தம் பதிப்பதைக் கைவிட்டு ‘ஐவராய்ட்’ என்ற செல்லுலாய்டுக்கு மாறியது. இந்த ஐவராய்டில் மெல்லிய கோடுகள் ஓடும். தந்தத்தின் வரிகள் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகப் பல அடுக்குகளைச் சேர்த்து அழுத்திப் பிறகு சீவியெடுப்பார்கள். 1957-இல் வந்த ‘புராணிகங்கள்’ நூலில் ரோலான் பார்த், முந்தைய போலிகள் எல்லாம் ஆடம்பரத்தைப் பாசாங்கு செய்தவை, பிளாஸ்டிக்கோ வீட்டு உபயோகத்துக்கு இறங்கி வந்துவிட்ட பொருள் என்கிற மாதிரி எழுதினார். பிளாஸ்டிக் வாளிக்கு அது பொருந்தும். ஐவராய்டுக்குப் பொருந்தவில்லை. அது இறங்கி வரவே இல்லை. கடைசிவரை தந்தமாக நடித்தது.

1960-களில் நிலைமை மாறுகிறது. கிதார் தொழிற்சாலை உற்பத்தியாகப் பெருகிய காலம். கிப்சன் நிறுவனம் தன் கிதார்கள் சிலவற்றுக்குக் குதிரையையே பிளாஸ்டிக்கில் வார்த்துப் பொருத்தியது. மார்ட்டினில் காலப்போக்கில் சேணத்துக்கு மைக்கார்ட்டாவும் நட்டுக்குக் கோரியனும் வந்தன. மைக்கார்ட்டா, காகிதத்தையோ துணியையோ பிசினில் தோய்த்து அழுத்திய பலகை. கோரியன், டூபாண்ட் கம்பெனி சமையலறை மேடைக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள். சமையல்மேடைத் துண்டு கிதாரின் கழுத்தில் ஏறிய இந்தக் கட்டத்தில்தான், பழுதுபார்ப்பவர்களும் வாசிப்பவர்களும் எலும்பை ‘மேம்பாடு’ என்று பேசத் தொடங்கினார்கள். அது வரை தந்தத்துக்குக் கீழே இருந்த எலும்பு, பிளாஸ்டிக் வந்த பிறகு அதற்கு மேலே ஏறியது. எலும்பு மாறவில்லை. அதன் பக்கத்தில் எது நிற்கிறது என்பது மாறியது, அவ்வளவுதான். ஒரு பொருள் தன்னளவில் அசலாக இருப்பதில்லை, தனக்கான போலி ஒன்று வந்து சேர்கிறபோதுதான் அசலாகிறது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2010-களில் மார்ட்டின் நிறுவனமே தன் முக்கிய வகைகளில் எலும்பு நட், எலும்புச் சேணம் என்பதைப் பெருமையாக விளம்பரப்படுத்தியது.

இன்னொரு வேடிக்கை. கனடாவின் கிராஃப் டெக் நிறுவனம் செய்கிற செயற்கைச் சேணத்தின் பெயர் ‘டஸ்க்’. கொம்பு, யானைக்கொம்பு. எழுத்தை மட்டும் ஒன்று மாற்றியிருக்கிறார்கள். யானையைத் தொடாத பொருள் யானையின் பெயரில் விற்கிறது. மறுபக்கம் எலும்பிலேயே வெளுக்காத, மஞ்சள் தட்டிய வகைக்குத் தனி மவுசு. அது கிடைக்காதவர்கள் வெள்ளை எலும்பைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழுக்கவைக்கிறார்கள். பழுத்தால் எதைப் போல இருக்கும்? பழைய தந்தத்தைப் போல.

சத்தம்? அதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. விரலை மெட்டில் அழுத்திய அந்தக் கணமே கம்பி மெட்டிலிருந்து சேணத்துக்குத்தான் ஓடுகிறது, நட்டுக்கு அதில் பெரிய வேலை இல்லை. எனவே நட்டின் பொருள் பெரும்பாலும் திறந்த கம்பிகளில்தான் கேட்க முடியும். சேணத்தின் கதை வேறு, அது எல்லாச் சுரத்திலும் இருக்கிறது. ஆனால் அங்கேயும், பொருளைவிடப் பொருத்தம் முக்கியம். அடிப்பாகம் கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்த மாதிரி சமமாக இருக்க வேண்டும், காடிக்குள் ஆடாமல் நிற்க வேண்டும், உயரம் சரியாக இருக்க வேண்டும். எலும்பு மாற்றுகிற அன்றைக்கு என்ன நடக்கிறது? பழைய கம்பி போய்ப் புதுக் கம்பி வருகிறது. கோணலாக நின்ற சேணம் நேராகிறது. உயரம் திருத்தப்படுகிறது. அரை நாள் உட்கார்ந்து ஒருவர் அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார். பிறகு கேட்கிற சத்தத்துக்கு முழுப் பெருமையும் எலும்புக்கே! அந்தக் கைக்கு ஒன்றும் இல்லை. 2018-இல் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தார், பின்பலகை மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிதார்களை 52 பேரிடம், எந்த மரம் என்று தெரியாதபடி கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். விலையுயர்ந்த மரமும் மலிவு மரமும் ஏறத்தாழ ஒரே மதிப்பைத்தான் பெற்றன. அது சேணத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் காது கேட்பதில் எவ்வளவு கண் கேட்கிறது என்று யோசிக்க வைக்கிறது.

எலும்பு ஒருசீரான பொருளும் அல்ல. மாட்டின் முன்னங்காலா பின்னங்காலா, எந்த வயது, கொழுப்பு சரியாக எடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து ஒரே துண்டுக்குள்ளேயே அடர்த்தி மாறும். சேணத்துக்கு அடியில் மின்னொலி வாங்கி வைத்திருக்கும் கிதார்களில் இதனால் ஒரு கம்பி உரக்கவும் இன்னொன்று அமுங்கியும் ஒலிப்பதுண்டு. அதற்காகவே செயற்கையை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எலும்பை ‘இயற்கை’ என்று புகழ்கிறபோது இந்தச் சீரின்மைதான் அதன் இயற்கை என்பது மறந்துபோகிறது. தேய்க்கும்போது எழுகிற தீய்ந்த நாற்றமும்தான்.

நம் பக்கத்திலும் இந்த மாற்றம் நடந்தது. தஞ்சாவூர் வீணைகளில் தந்தப் பதிப்பு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தின் 1986, 1991 திருத்தங்கள் தந்த வணிகத்தை முழுக்க மூடின. உலக அளவில் 1989-இல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை முடிவானது. 2014-இல் புடாபெஸ்ட் விழா இசைக்குழு நியூயார்க்கில் இறங்கியபோது, தந்தத் தகடு இருக்கலாம் என்ற சந்தேகத்தில் அவர்களின் வில்கள் ஏழு பறிமுதல் செய்யப்பட்டன. 2016-இல் அமெரிக்கா உள்நாட்டுத் தந்த வணிகத்தையும் ஏறக்குறைய முழுசாகத் தடை செய்தது.

இப்போது எலும்புக்கு ஒரு புதுச் சிக்கல். முன்னே தன்னைத் தந்தம் என்று நம்பவைக்கப் பாடுபட்ட பொருள், தான் தந்தம் இல்லை என்று சுங்க அதிகாரியின் முன்னால் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதிகாரி உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். எலும்பில் அவை இருக்காது. அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கறுத்த புள்ளிகளும் கீறல்களும் தெரியும். மாடு உயிரோடு இருந்தபோது ரத்த நாளங்கள் ஓடிய துவாரங்கள் அவை. அழுக்கேறிக் கறுத்திருக்கும். பழைய கைவினைஞர்கள் இந்தப் புள்ளிகள் தெரியாத பாகமாகத் தேடி எடுத்துச் சீவினார்கள், தெரிந்தால் போலி என்று பிடிபட்டுவிடும் என்பதால்.