கல்லும் துடைப்பமும் இரண்டு பேரும்



போன வாரம் பேத்தி கைப்பேசியில் குளிர்கால ஒலிம்பிக் காட்சி ஒன்றைக் காட்டி, "தாத்தா, இவங்க ஏன் ஐஸைப் பெருக்கிட்டு இருக்காங்க?" என்று கேட்டாள். கர்லிங் என்று பெயரை மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் வரலாற்று வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு இடம் என்னை என் பழைய வகுப்பறைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆட்டம்.

கர்லிங் ஸ்காட்லாந்தில் உறைந்த ஏரிகளின் மேல் பிறந்தது. அங்கே கிடைத்த ஒரு கல்லில் 1511 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. 1838-ல் எடின்பரோவில் சங்கம் அமைத்து விதிகளை எழுதி வைத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய கனடாவில்தான் அது பெரிய அளவில் வளர்ந்தது. ஆடும் கல் கருங்கல்லால் ஆனது, எடை 20 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒலிம்பிக் கற்களுக்கான கருங்கல், ஸ்காட்லாந்து கடற்கரைக்கு அப்பால் இருக்கும் ஐல்சா கிரெய்க் என்ற சிறு தீவிலிருந்து வருகிறது.

ஆட்டம் நம்ம கோலிக்குண்டின் தூரத்துச் சொந்தம் மாதிரி. சுமார் 45 மீட்டர் நீளமுள்ள ஐஸ் பாதையின் ஒரு முனையிலிருந்து கல்லைத் தள்ளிவிட வேண்டும். மறுமுனையில் 12 அடி விட்டத்தில் ஒரு வட்டம். அதன் பெயர் ஹவுஸ், அதாவது வீடு. எல்லாக் கற்களும் போன பிறகு வீட்டின் நடுப்புள்ளிக்கு மிக அருகில் யாருடைய கல் இருக்கிறதோ அந்த அணிக்குத்தான் புள்ளி. எதிரணியின் மிக அருகிலுள்ள கல்லைவிட உள்ளே எத்தனை கற்கள் இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. இப்படி ஒரு முறை ஆடி முடிப்பது ஒரு எண்ட். பெருக்குவது எதற்கு? ஐஸைத் தேய்த்தால் உராய்வு குறையும். கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும்.

வழக்கமான ஆட்டத்தில் அணிக்கு நான்கு பேர். ஆளுக்கு இரண்டு கல், ஆக எட்டு. ஒருவர் தள்ளுவார், இருவர் பெருக்குவார்கள், தலைவர் வீட்டருகே நின்று வழி காட்டுவார். கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு ஹாமர், அதாவது சுத்தியல் என்று பெயர். அது யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு அந்த எண்டில் பெரிய சாதகம்.

இதில் ஒரு நோய் வந்தது. 1980-களில் கனடாவில் நல்ல அணிகள் ஒரு வழியைக் கண்டுபிடித்தன. ஓரிரு புள்ளி முன்னிலை கிடைத்துவிட்டால், எதிரணி வைக்கும் ஒவ்வொரு கல்லையும் வேகமாக அடித்து வெளியே தள்ளிவிடுவது. வீடு காலியாகவே கிடக்கும், புள்ளி ஏறாது, முன்னிலை அப்படியே இருக்கும். பார்ப்பவர்களுக்குக் கொட்டாவிதான் மிச்சம். ரஸ் ஹோவர்ட் என்ற கனடா வீரர் தன் அணியின் பயிற்சிக்காக ஒரு விதி வைத்திருந்தார்: முதல் நான்கு கல் முடியும்வரை யாரும் எதையும் அடித்து வெளியேற்றக் கூடாது. 1990 ஜனவரியில் மாங்டன் நகரில் நடந்த ஒரு பெரிய போட்டியில் அந்த விதியையே வைத்து ஆடிப் பார்த்தார்கள். ஆட்டம் உயிர் பெற்றது. பிறகு கொஞ்சம் தளர்த்திய வடிவில் உலக அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது.

கலப்பு இரட்டையர் ஆட்டத்தை இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் அதன் விதிகள் புரியும். கோல்ஃப் விளையாட்டில் ரைடர் கோப்பை இருப்பதுபோல், கர்லிங்கில் வட அமெரிக்க அணி ஒருபக்கமும் மற்றவர்கள் மறுபக்கமுமாக மோதும் கான்டினென்டல் கோப்பை 2002-ல் கனடாவின் ரெஜைனா நகரில் தொடங்கியது. அதில் ஒரு பகுதியாகச் சேர்ப்பதற்கென்றே உருவாக்கியதுதான் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஆடும் இந்த வடிவம்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிதானமாகப் படியுங்கள், பரீட்சை இல்லை.

அணிக்கு ஒரு எண்டில் ஐந்து கல். தள்ளத் தொடங்கும் முன்பே அணிக்கொரு கல் ஐஸின் மேல் வைக்கப்பட்டிருக்கும். ஒன்று வீட்டுக்கு வெளியே காவல்போல, இன்னொன்று வீட்டுக்குள் நடுவட்டத்தின் பின்பகுதியில். இவற்றுக்கும் புள்ளி உண்டு. ஆகவே ஒரு எண்டில் அதிகபட்சம் ஆறு புள்ளி. யாருடைய கல் வீட்டுக்குள் இருக்கிறதோ அவர்கள் இரண்டாவதாக விடுவார்கள், அதாவது சுத்தியல் அவர்களிடம்.

முதல் கல்லை விடுபவரே ஐந்தாவது கல்லையும் விட வேண்டும். நடுவில் இருக்கும் மூன்றும் மற்றவருக்கு. அடுத்த எண்டில் இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம்.

இரு அணியும் சேர்த்து நான்காவதாக விடும் கல்லுக்கு முன்னால் எந்தக் கல்லையும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. மீறினால் விட்ட கல் எடுக்கப்படும், நகர்ந்தவை பழைய இடத்துக்கே திரும்பும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விதி. நால்வர் ஆட்டத்தில் யாருக்கும் புள்ளி இல்லாமல் ஒரு எண்ட் முடிந்தால், சுத்தியல் வைத்திருந்தவரிடமே அது தங்கிவிடும். அதனால் வேண்டுமென்றே வீட்டைக் காலி செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். கலப்பு இரட்டையரில் அப்படிச் செய்தால், அடுத்த எண்டில் கற்களை எங்கே வைப்பது என்ற முடிவு எதிரணிக்குப் போய்விடும். தட்டிக்கழித்துக் காலம் தள்ளுபவருக்கு அங்கே பரிசு கிடையாது.

கிரிக்கெட் பிள்ளைகளுக்குத் தெரிந்த பவர்பிளேயும் உண்டு. கல் வைக்கும் முடிவு தன்னிடம் இருக்கும்போது, ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை, வைத்த இரண்டு கற்களையும் நடுவிலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். நடுப்பாதை திறந்துவிடும், நிறையப் புள்ளி எடுக்க வாய்ப்பு. கூடுதல் எண்டில் மட்டும் இது செல்லாது.

மொத்தம் எட்டு எண்ட். ஒலிம்பிக்கில் நால்வர் ஆட்டத்துக்குப் பத்து. யோசிக்கும் நேரம் அணிக்கு 22 நிமிடம்தான், நால்வருக்கு 38. கல்லை விட்டவரே எழுந்து ஓடிப்போய்ப் பெருக்கவும் வேண்டும். பேத்தி பார்த்துச் சிரித்தது அதைத்தான்.

எல்லாவற்றையும்விடக் கடுமையான விதி, மாற்று ஆட்டக்காரர் கிடையாது என்பது. இருவரில் ஒருவரால் ஆட முடியாவிட்டால் அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டியதுதான்.

முதல் உலகப் போட்டி 2008-ல் பின்லாந்தின் வியெருமாகியில் நடந்தது. வென்றது சுவிட்சர்லாந்து. தொடக்க ஆண்டுகளில் தகுதிச் சுற்று இல்லை, உறுப்பு நாடு எதுவும் வரலாம். நான்கு நல்ல ஆட்டக்காரர்களைத் திரட்ட முடியாத நாட்டிலும் இரண்டு பேர் இருப்பார்கள் அல்லவா? நால்வர் ஆட்டத்தில் உலகப் பட்டமே வெல்லாத ஹங்கேரி, 2013-லும் 2015-லும் இதில் உலகப் பட்டம் வென்றது. 2024-ல் எஸ்தோனியா வெள்ளி வாங்கியது. அந்த ஆண்டு தங்கம் வென்ற ஸ்வீடன் ஜோடி அண்ணன் தங்கை. நாடுகள் பெருகியதால் இப்போது 20 அணிகள், பத்துப் பத்தாக இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் நேராக அரையிறுதிக்கு. இரண்டாம், மூன்றாம் இடத்தவர்கள் எதிர்ப்பிரிவினரோடு மோதி மிச்ச இடங்களைப் பிடிக்க வேண்டும்.

2015 ஜூனில் ஒலிம்பிக் குழு இதைச் சேர்த்துக்கொண்டது. 2018-ல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் எட்டு அணிகள். எல்லோரும் எல்லோருடனும் ஒரு முறை ஆடி, முதல் நால்வர் அரையிறுதிக்கு. கனடாவின் கெய்ட்லின் லாஸ், ஜான் மோரிஸ் ஜோடி தங்கம் வென்றது. சுவிட்சர்லாந்துக்கு வெள்ளி. 2022-ல் பத்து அணிகள். ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் இத்தாலியின் ஸ்டெபானியா கான்ஸ்டன்டினி, அமோஸ் மொசானர் தங்கம் வென்றார்கள். கர்லிங்கில் இத்தாலி வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான்.

இனி, நான் சொல்வதாகச் சொன்ன இடம்.

2018-ல் நார்வேயின் கிறிஸ்டின் ஸ்காஸ்லியன், மேக்னஸ் நெட்ரகாட்டன் ஜோடி, சீனாவுடன் சமநிலையாகி, கூடுதல் ஆட்டம் ஆடி வென்றுதான் நான்காம் இடமே பிடித்தது. அரையிறுதியில் கனடாவிடம் தோல்வி. வெண்கல ஆட்டத்தில் ரஷ்யாவிலிருந்து வந்த கணவன் மனைவி ஜோடியான அலெக்சாண்டர் குருஷெல்னிட்ஸ்கி, அனஸ்தாசியா பிரிஸ்கலோவாவிடம் தோல்வி. சில நாட்களில் அந்தக் கணவரின் பரிசோதனையில் மெல்டோனியம் என்ற தடை செய்யப்பட்ட மருந்து இருப்பது தெரிந்தது. தெரிந்தே எடுக்கவில்லை என்றார். பின்னர் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. பதக்கம் இருவரிடமிருந்தும் போனது. மனைவி மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. விளையாட்டுகள் முடியுமுன்பே வெண்கலம் நார்வே ஜோடியின் கழுத்துக்குப் போனது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு ஒன்பதாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து செய்முறை ஏடு எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு ஜோடியில் ஒரு பையன் தன் பங்கை அப்படியே வேறொரு ஏட்டைப் பார்த்து எழுதியிருந்தான். நான் இருவருக்கும் பூஜ்யம் போட்டேன். அந்தப் பெண் தன் பக்கங்களைக் கொண்டுவந்து நீட்டி, "சார், இது நான் எழுதினது சார்" என்றாள். "ஜோடின்னா ஜோடிதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நியாயமாக நடந்துகொண்டேன் என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

பியோங்சாங்கில் பதக்கத்தை எடுத்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். ஐஸில் இருவரின் கல்லும் சேர்ந்துதான் ஒரே புள்ளி. ஒருவர் விட்ட கல்லை மற்றவர் பெருக்கித்தான் அது போய்ச் சேர்கிறது. அவர் பங்கு இது, இவர் பங்கு இது என்று பிரிக்க வழியில்லை. அதோடு, தோற்ற இடத்தில் ஒரு ஜோடி நியாயத்துக்காக நின்றுகொண்டிருந்தது. மனைவிக்கு நேர்ந்தது துயரம்தான், ஆனால் வேறு வழி இல்லை.

என் வகுப்பில் அப்படியா? அந்தப் பெண்ணின் கையெழுத்து தனியாக இருந்தது, பக்கங்கள் தனியாக இருந்தன. பிரித்துப் பார்க்க முடிந்ததை நான் பிரிக்கவில்லை. அவளுக்கு மதிப்பெண் கொடுத்திருந்தால் வேறு யாருக்கும் எதுவும் குறைந்திருக்காது. விதியின் பெயரைச் சொல்லி என் வேலையைச் சுலபமாக்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அம்மா, நீ இந்தப் பதிவைப் படிப்பாய் என்று தெரியும். உன் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஏட்டுக்கு 25-க்கு 22 போட்டிருக்க வேண்டும். தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

மற்றவர்கள் அடுத்த முறை கலப்பு இரட்டையர் கர்லிங் கண்ணில் பட்டால் ஒரு எண்டாவது முழுதாகப் பாருங்கள். கல்லை விட்டவர் எழுந்து ஓடுவதையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.