ஹாதார்ன் ஆய்வுகள்

அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய சிசரோவில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொலைபேசிக் கருவி ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள். மனிதர் எதனால் முனைப்பாக உழைக்கிறார்கள் என்று பேசும் மேலாண்மைப் பாடநூல் எதுவும் இவற்றைத் தவிர்ப்பதில்லை.

தொடக்கக் கேள்வி எளியது: வெளிச்சம் கூடினால் உற்பத்தி கூடுமா? விளக்கைக் குறைத்தபோதும் வேலை குறையாதது ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது. 1927 ஏப்ரலில் ரிலே என்னும் தொலைபேசி உதிரிக் கருவியைப் பூட்டும் பெண்கள் ஐவரையும் உதிரிபாகம் எடுத்துத்தரும் ஒருவரையும் தனி அறையில் அமர்த்தி, இடைவேளை, சிற்றுண்டி, வேலைநேரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தனர். உற்பத்தி ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது. அந்தப் பெண்களை மதித்துக் கருத்துக் கேட்டதே காரணம் என்றார் ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோ. கவனிக்கப்படுவதாலேயே நடத்தை மாறுவதை 'ஹாதார்ன் விளைவு' என்று சொல்லும் வழக்கும் இங்கிருந்து வந்ததே.

இந்த விளக்கத்தில் கூலி காணாமல் போய்விட்டது. முன்பு சுமார் நூறு பேரின் மொத்த உற்பத்தியை வைத்துக் கணக்கிட்ட கூலி, அந்த அறையில் ஆறு பேருக்குள் அடங்கியது. கூடுதலாக உழைத்தால் அதன் பலன் அவர்கள் கைக்கே வந்தது. அதிகம் பேசினார்கள் என்று இருவரை 1928 ஜனவரியில் நீக்கி, விரைவாக வேலை செய்யும் இருவரைச் சேர்த்தனர். கூலி முறையை மட்டும் மாற்றிப் பார்த்த வேறொரு குழுவிலும் உற்பத்தி உடனே ஏறியது. பழைய முறை திரும்பியதும் இறங்கியது. இவற்றை ஒதுக்கியதற்காக ஹாதார்ன் ஆய்வாளர்களை 1967இல் அலெக்ஸ் கேரி என்ற ஆய்வாளர் கடுமையாகச் சாடினார். அவர் சொன்னதில் நியாயம் அதிகம்.

1931 நவம்பரில் தொடங்கிய கம்பியிணைப்பு அறை ஆய்வு இன்னும் ஆழமானது. அங்கே 14 ஆண்கள். அவர்களையும் ஒருவர் அருகிலிருந்தே கவனித்தார். உற்பத்தி கூடவில்லை. ஒரு நாளுக்கு இவ்வளவு போதும் என்று அவர்களே ஓர் அளவு வைத்திருந்தனர். மிஞ்சியவருக்கு மேற்கையில் குத்து விழும். மிகவும் பின்தங்கியவரும் ஏச்சு வாங்குவார். கண்காணிப்பாளரிடம் காட்டிக்கொடுப்பவருக்கு அங்கே இடமில்லை. நிறைய செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளைக் கழிப்பார்கள் என்பது அவர்கள் அச்சம். இந்த ஆய்வுகளைப் பற்றி ஆய்வாளர்கள் ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட விரிவான நூல் இந்த அச்சத்துக்கு அனுபவ ஆதாரமில்லை என்று கருதியது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே வேலை பார்த்தவர்களை அப்படி எடைபோட்டது நியாயமன்று. 1932 மே மாதத்தில் அந்த அறை மூடப்பட்டதற்குக் காரணமே, இணைக்க வேலை இல்லாமற்போனதுதான்.