கிதாபு கட்டியவரின் கத்தி

எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில் பதினொரு கருவிகள் இருக்கின்றன. தோல் சீவும் கத்திகள் மூன்று, குத்தூசிகள் நான்கு, மாட்டெலும்பைத் தேய்த்துச் செய்த மடிப்புத் தகடு ஒன்று, பித்தளை அச்சுகள் இரண்டு, சாணைக்கல் ஒன்று. வீட்டுக்கு வருபவர்கள், "சேர், இந்தப் பழைய இரும்பெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இவை எங்கள் ஊரில் கிதாபு கட்டிய ஒருவருடையவை. கல்முனைக் கரையோரத்தில், கடலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில் அவரது வீடு இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது, ஓதப்பள்ளிக்கூடத்து லெப்பை கிழிந்துபோன குர்ஆன் பிரதிகளை என் கையில் தந்து அவரிடம் அனுப்புவார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவேன். அவர் பழைய அட்டையை நீக்கி, தாள்களைப் பிரித்துத் தைத்து, கோதுமை மாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்து ஒட்டுவார். பூச்சி அரிக்காமலிருக்கத்தான் அந்தத் துத்தம். ஆட்டுத்தோலின் ஓரத்தைத் தாள்போல மெல்லியதாகச் சீவுவார். ஓரம் தடித்திருந்தால் மூலையில் தோல் மடங்காது. நான் ஆசிரிய கலாசாலைக்குப் போவதற்கு முன்பே அவர் மௌத்தாகிவிட்டார்.

2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அந்த வீட்டைக் கொண்டுபோனது. இடிந்த சுவரின் கீழ், மணலுக்குள், அவரது தகரப்பெட்டி கிடந்தது. அவருடைய மகள், நாங்கள் ராத்தா என்று அழைப்பவர், அதை என்னிடம் தந்து, "தம்பி, ஒங்களுக்கெண்டா பிரயோசனப்படும், கொண்டு போங்க" என்றார். திறந்து பார்த்தேன். உப்பு நீர் குடித்த இரும்பு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு நான் செய்த பிழையை இன்றும் மறக்கவில்லை. மூன்று கத்திகளில் ஒன்றை எடுத்து, முதலில் அரத்தாலும் பிறகு அரத்தாளாலும் தேய்த்து, பளபளவென்று ஆக்கினேன். துருவோடு சேர்ந்து, பிடியருகே கொத்தியிருந்த ஏதோ ஓர் எழுத்தும் போய்விட்டது. அது அரபெழுத்தா, செய்தவரின் அடையாளமா, சொந்தக்காரரின் பெயரா? பார்த்து எழுதிவைக்கவில்லை. கடல்கூட விட்டுவைத்ததை நான் அழித்தேன்.

அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டேன். கடலுப்பு ஏறிய இரும்பைத் துடைத்தால் மட்டும் போதாது. உள்ளே தங்கிய உப்பு மீண்டும் துருவை வளர்க்கும். சலவைச் சோடா கரைத்த நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வாரந்தோறும் நீரை மாற்றினேன். மாதக்கணக்கில் இது நடந்தது. மரப்பிடிகளை வெயிலில் வைக்காமல் நிழலில் மெல்ல உலரவிட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசினேன். அது காய்ந்து பிடிக்கும்; தேங்காயெண்ணெய் காயாது, தூசியைச் சேர்க்கும். பித்தளை அச்சுகளுக்கு மெருகுப்பசை போடவில்லை. போட்டால் பூவேலைக் கோடுகள் தேய்ந்துவிடும்.

மீதமிருந்த இரண்டு கத்திகளையும் தொட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. இவ்வகைக் கத்தியின் வாய் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்படும். மறுபக்கம் தட்டையாக இருக்கும். ஒரு துண்டு ஆட்டுத்தோலைச் சீவிப் பார்த்தேன். கத்தி தோலுக்குள் இறங்கிக் கிழித்தது. பல தடவை அப்படியே ஆனது. பிறகு இடக்கைக்கு மாற்றினேன். வழுக்கிக்கொண்டு போனது. ராத்தாவிடம் கேட்டேன். "ஓம், வாப்பா சோறு வலக்கையால தின்னுவார், வேல இடக்கையாலதான்" என்றார். எத்தனையோ நாள் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தும் நான் கவனிக்காததை அவரது கத்தி சொன்னது.

இந்தக் கத்திக்கு நெடிய சரித்திரம் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் இஃப்ரீகியாவை ஆண்ட ஸீரி மன்னர் அல்-முஇஸ் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் 'உம்தத்துல் குத்தாப்' என்ற நூல், மை, எழுதுகோல் பற்றிச் சொல்லிவிட்டு, நூல் கட்டுவோரின் கருவிகளையும் வரிசைப்படுத்துகிறது. தோல் சீவும் கல், சாணைக்கல், கத்தி, குத்தூசி, ஊசி, கத்தரிக்கோல், அழுத்துப்பலகை. என் அலுமாரித் தட்டிலுள்ளவற்றில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் மறைந்த பக்ர் அல்-இஷ்பீலி, தொழில் தெரிந்த ஒருவராகவே இக்கலை பற்றி நூல் எழுதினார். 1619இல் மொரோக்கோவின் அஹ்மத் அல்-ஸுஃப்யானி எழுதிய நூல் 1919இல் ஃபெஸ் நகரில் அச்சாயிற்று. கைரவான் பெரிய பள்ளிவாசலில் 9ஆம் நூற்றாண்டு முதலான தோல் அட்டைகள் ஏராளமாகக் கிடைத்து, ஆராயப்பட்டுள்ளன. ஆனால் அவற்றைக் கட்டிய கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை.

தோல் தொட்ட கை தாழ்ந்தது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? ஹிஜ்ரி 261இல் மறைந்த ஹனஃபி சட்ட அறிஞர் அபூபக்ர் அல்-கஸ்ஸாஃப், வக்ஃபுச் சட்டம் பற்றியும் நீதிபதியின் கடமைகள் பற்றியும் நூல்கள் எழுதியவர். கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். அந்தத் தொழிலில் உழைத்துத்தான் அவர் உண்டார். உலகம் இன்றும் அவரை அந்தத் தொழிற்பெயராலேயே அறிகிறது. நாமோ செருப்புத் தைப்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். எங்கள் பள்ளிவாசல் சலவைக்கல்லில் சீமெந்து கொடுத்தவர், ஓடு கொடுத்தவர், மின்விசிறி கொடுத்தவர் எல்லோருடைய பெயரும் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் ஓதிய குர்ஆன்களைக் கட்டித் தந்தவரின் பெயர் இல்லை.

இப்போது எந்தக் கருவி கிடைத்தாலும் முதலில் துடைப்பதில்லை. ஒரு கொப்பியில் அதன் நீளம், கீறல், எழுத்து, பிடியின் தேய்வு, யாரிடமிருந்து வந்தது என்பதையெல்லாம் எழுதிக்கொண்டுதான் தண்ணீரில் இடுகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதும் கிடந்தால், பழைய இரும்புக்காரனுக்குப் போடுமுன், அது யாருடைய கையில் இருந்தது என்று வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

அவருடைய பெயரை இங்கே எழுத நினைத்தேன். "வாப்பாக்கு அது விருப்பமிரிக்காது தம்பி" என்று ராத்தா மறுத்துவிட்டார். அதனால் கொப்பியின் முதற்பக்கத்தில் மட்டும் எழுதியிருக்கிறேன். பெயருக்குக் கீழே, "இடக்கைக்காரர்" என்றும்.